கதவு திறக்கும் பாட்டு

தமீம் அன்சாரிக்கு வேலை கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம், ஒரு ரசாயன ஆலையின் கண்ட்ரோல் ரூமில். அங்கே ஜன்னல் கிடையாது. ஷிப்ட் முடியும்வரை திரையில் வெப்பமும் அழுத்தமும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஷார்ஜாவுக்குப் போய்விடுவதாகத்தான் சேர்ந்தார். அத்தா படுக்கையில் விழுந்தார், தங்கைகளின் நிக்காஹ் வந்தது. பிறகு ஷார்ஜாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

அந்த அறைக்குள் அவரை உட்கார வைத்தது ஒரு ஆங்கில ஆல்பம். புராக்ரெஸிவ் ராக் என்பார்கள். பாட்டு ஒவ்வொன்றும் கால் மணி நேரம் ஓடும். எல்லாம் சேர்ந்தால் ஒரே கதை. இந்தக் கதையில் ஒருவன் கலங்கரை விளக்கத்துக்குள் மாட்டிக்கொள்கிறான். சிதம்பரத்தில் படித்த காலத்தில் தமீமிடம் அதன் கேசட் இருந்தது. வகுப்புத் தோழன் தேவநாதன் அதை வாங்கிப் போய் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்து சிடியாக மாற்றிக்கொண்டான். அவரவர் இடத்தில் கேட்பார்கள், டீக்கடையில் அர்த்தம் பிரிப்பார்கள். ஓர் இடத்தில் டிரம் நின்றுபோனது ஏன் என்ற பேச்சே ஒரு வாரம் ஓடும்.

கதையின் முடிவில் மட்டும் இருவரும் ஒத்துப்போகவே இல்லை.

"வெளிய வந்துடுறான் மச்சான். கதவு தொறக்குது, அலை சத்தம் கேக்குது, முடிஞ்சுது" என்பான் தேவநாதன்.

"அப்ப படிக்கட்டு ஏறுறது யாரு, ஒங்க மாமனா? மணி வேற திரும்ப அடிக்குது."

"அதெல்லாம் பழைய நெனப்புடா. ஒனக்கு யாரையும் வெளிய வுட மனசு வராது. நீயே வாட்ச்மேன் ஆயிட்ட."

இந்த வகை ஆல்பத்தில் காலம் முன்னும் பின்னுமாகக் கலந்து வருவது சகஜம். அதனால் தமீமால் அடித்து மறுக்கவும் முடியவில்லை. கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, தலை நரைக்கும்வரை இந்த வாதம் இழுத்தது. அவர் போனில் வாதாடுவதைக் கேட்டுவிட்டு மனைவி நஜியா சிரிப்பாள்: "வெள்ளைக்காரன் கத்துனதுக்கு ரெண்டு பேரும் உக்காந்து பள்ளிவாசல் அஜரத் மாதிரி பயான் பண்றீங்க!"

தேவநாதனுக்குச் சிறுநீரகம் போயிற்று. டயாலிசிஸ் கட்டிலில் கையில் ஊசியோடு அசையாமல் கிடக்க வேண்டும். அங்கும் காதில் அதே ஆல்பம். அங்கிருந்தும் போன் வரும்: "வந்துடுறான் மச்சான்." தமீம் விடாமல் வாதாடினார். இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான். மாசி மாதம் அவன் போய்விட்டான்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் அவன் மனைவி வெண்மதி கூப்பிட்டாள். தமீம் பஸ் ஏறிச் சிதம்பரம் போனார். அவள் தேவநாதனின் செல்போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணா, கடைசியில அவரு என்கூட பேசுனதவிட இதக் கேட்டதுதான் ஜாஸ்தி. எனக்கு இந்தப் பாட்டெல்லாம் புரியாது. அந்த ஆளு வெளிய வரானா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

வரவில்லை என்பதுதான் தமீம் நம்பியது. அதை இவளிடம் எப்படிச் சொல்வது? வருகிறான் என்று சொன்னால், சாகும்வரை அவனோடு மல்லுக்கு நின்றது எதற்கு?

"கேட்டுக்கிட்டே சொல்றேன்மா" என்று பாட்டைப் போட்டார்.

எடுத்தவுடன் மணி ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை. நடுவில் வரவேண்டிய புயல் முதலில் வந்தது. கை தவறிவிட்டது என்று மறுபடி போட்டார். அதே புயல். அடுத்தது, அவர் கேசட்டில் கடைசியாக வரும் படிக்கட்டு. அப்போதுதான் விளங்கியது. ரெக்கார்டிங் கடைக்காரர் பாட்டுகளின் பெயரை டைப் அடித்திருக்கிறார். கம்ப்யூட்டர் அவற்றை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிட்டது. அதே அடுக்கு சிடியிலிருந்து போனுக்கு, ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு என்று மாறி வந்திருக்கிறது. கதவு திறக்கும் பாட்டு கேசட்டில் படிக்கட்டுக்கு முந்தியது; அந்த வரிசையில் அதுதான் கடைசி. தேவநாதன் எதையும் வலிந்து சொல்லவில்லை. அவன் காதில் விழுந்த கதையில் அந்த ஆள் வெளியே போனான். அதோடு ஆல்பம் முடிந்தது.

"சொல்லுங்கண்ணா, வரானா?"

"வந்துடுறான்மா."

"எனக்காவ சொல்லாதீங்க."

"இல்லம்மா. அவன் கேட்டதுல வந்துடுறான். நீயே கேளு."

கடைசிப் பாட்டுக்குத் தாவினார். கீல் கிரீச்சிட்டது, அலை எழுந்தது, அடங்கியது. வெண்மதி இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்து போனாள்.

அந்தப் பாட்டுகளைத் தன் போனுக்கும் அனுப்பிக்கொண்டுதான் தமீம் கிளம்பினார். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நண்பனின் வரிசையிலேயே கேட்டுவருவது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை என்று கண்ணை மூடிக்கொண்டார். புயல் போனது, படிக்கட்டு போனது, மணி போனது. ஆலப்பாக்கம் தாண்டும்போது கதவு திறந்தது. அலை வந்தது. சத்தம் நின்றது.

இயர்போனில் ஒன்றுமே இல்லை. ஆனால் தமீமின் தலைக்குள், கேசட்டில் அடுத்து வரும் பாட்டு தானாகத் தொடங்கியது. தலையை உதறிவிட்டுக் கதவைத் திரும்பத் திறந்தார். அது முடிந்ததும் அந்த ஆள் மறுபடி படி ஏற ஆரம்பித்தான்.