தேவைச் சீட்டில் ஒரு நாற்காலி

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் என் அத்தைக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, தப்பிருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். பதினோரு வருடமாக நின்றபடியேதான். இரண்டு வருடமாக முட்டி வலி. வெளியே தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மேஜை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துச் சமாளித்து வந்தாள்.

அங்கேயே அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. ஒருநாள் பயிற்சியாளர் ஒருவர் வந்து பலகையில் ஐந்து படிகள் வரைந்தார். சாப்பாடும் ஓய்வும் கீழ்ப்படி. அதன்மேல் பாதுகாப்பு, பிறகு அன்பு, மதிப்பு. உச்சியில், தன்னால் ஆகக்கூடியதெல்லாம் ஆவது. கீழ்ப்படி நிரம்பினால்தான் மனிதருக்கு மேல்படியில் கண் போகுமாம். கடைசியில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் "உங்கள் தேவையை எழுதுங்கள்" என்று தமிழாக்கியிருந்தது நான்தான்.

ஸ்டோரில் ஊசி, கத்தரி வாங்க எழுதும் துண்டுத்தாளுக்கு எங்கள் தொழிற்சாலையில் தேவைச் சீட்டு என்று பெயர். மொழிபெயர்க்கும்போது எனக்கு அது தோன்றவேயில்லை. "ஊசி பதினெட்டு", "கத்தரி இரண்டு, வெட்டக்கூடியது" என்று தாள்கள் வந்து குவிந்தன. அத்தையின் தாளில், "நாற்காலி ஒன்று. பழசானாலும் பரவாயில்லை." முட்டியைப் பற்றி ஓர் எழுத்துகூட எழுதவில்லையே என்ற தைரியம் அவளுக்கு.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பட்டன் வைக்கும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உனக்கு இது தேவையாடி?"

"தேவைன்னுதானே எழுதினேன்!"

சிரித்தபடியே சொல்லிவிட்டு அத்தை மேனேஜர் அறைக்குப் போனாள்.

அறையில் பயிற்சியாளரும் இருந்தார். "ஏம்மா, மேல்படிக்குப் போகணும்னு ஆசையே இல்லையா?" என்று கேட்டார்.

"படியேற முட்டி விட்டாத்தானே சார்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேனேஜர் நிமிர்ந்தார். "எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா. ஆனா என் கையத் தாண்டி ஒரு தப்பும் போனதில்ல சார்."

அவர் புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார். அவள் மேஜையின் பெயரில் ஒரு வரிகூட இல்லை. "நாற்காலி போடச் சொல்றேன். போய் வேலையைப் பாருங்க" என்றார்.

நாற்காலி வந்த அன்று மதியம்வரை அத்தைக்கு உட்காரக் கூச்சம். "மகாராணி, அமருங்க!" என்று பட்டன் அக்காதான் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

சாயங்காலம் அத்தை சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். "தம்பி, நாலாம் நம்பர் மெஷின்ல காலர் இடதுபக்கம் இழுக்குது. மூணு மாசமா ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறேன். அந்த மெஷினைப் பாருங்க."

"மூணு மாசமா சொல்லாம என்னக்கா பண்ணீங்க?"

"நின்னுட்டுல்ல இருந்தேன் தம்பி. எப்படா மணியடிக்கும்னுதான் பாத்துட்டிருந்தேன்."