திருச்சுழிக்கு ஒரு நாடக வாள்

போன புரட்டாசியில் பாலவனத்தத்திலிருந்து திருச்சுழிக்குப் போய் வந்தேன். பழைய நாடகச் சாமான் விற்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எழுத்து கற்று ஆறு மாதந்தான் ஆகிறது. கை மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போகிறது!

என் கூட்டாளி ஞானமுத்துவின் உழவுமாடுகளில் ஒன்று செத்துப்போனது. விதைப்பு மழையோ இன்றைக்கா நாளைக்கா என்று நின்றது. ஒற்றை மாட்டை வைத்து எப்படி உழுவது? திருச்சுழியில் ஒரு பருத்தி வியாபாரி, பேர்பெற்ற நடிகர்கள் புழங்கிய சாமான்களைச் சேர்த்து வைக்கிறவர். முன்பு பந்தல்குடியில் நாடகம் முடிந்து தம்மை வண்டியில் கொண்டுபோய் விட்டதற்காக, ஒரு ராஜபார்ட் நடிகர் தம் மரவாளை ஞானமுத்துவுக்குக் கொடுத்திருந்தார். அது அவர் வாள்தான் என்றால் தொழுவத்திலிருந்து ஒரு மாடு தருவதாக வியாபாரி சொல்லியனுப்பினார்.

ஒரே சங்கடம், அது ஒடிந்த வாள். ஒடிந்த கலப்பையை யாராவது வாங்குவார்களா? ஞானமுத்து இரும்புப் பட்டை வைத்து ஆணியடித்து, கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கி மிஞ்சிய ஜிகினாத்தாளை மேலே ஒட்டிவிட்டார். பளபளவென்று ஆகிவிட்டது.

காலை ஆறரைக்கு பஸ். அருப்புக்கோட்டைக்கு ஆறு மைல், ஆளுக்கு இரண்டணா. யுத்தத்தில் பெட்ரோல் இல்லாததால் பஸ் கரியில் ஓடியது. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். வேட்டியில் சுற்றிய வாளை ஞானமுத்து பிள்ளைபோல் மடியில் வைத்திருந்தார்.

"என்ன பெரியவரே, துப்பாக்கியா?" என்றார் டிரைவர்.

"துப்பாக்கி இருந்தா டிக்கெட்டு எடுப்பனா?" என்றார் ஞானமுத்து.

அங்கிருந்து திருச்சுழிக்குப் பத்து மைல், மூன்றணா. இருபுறமும் வெடித்துக் கிடந்தது கரிசல். நான் மைல்கற்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன்.

"ஏலே சங்கையா, கல்லப் படிச்சது போதும். ஒட்டு தெரியுதான்னு பாருலே."

தெரியவில்லை என்றேன். ஆனாலும் எனக்கு வேர்த்தது.

வியாபாரி வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே ஒரு கிரீடம், ஒரு பொடிடப்பி, ஒற்றைச் செருப்பு. அவர் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவுக வாளு இல்ல. பந்தல்குடி நாடகத்துல நான் முன்வரிசை. சண்டையில பிடிக்கு மேல ஒரு சாண்ல ஒடிஞ்சுபோச்சு. பாதி வாளோட மிச்சப் பாட்டையும் பாடுனாக பாருங்க, சனமே எந்திரிச்சு நின்னுச்சு! இது முழுசால்ல இருக்கு? மாட்டுக்காக இப்படியா வருவீக?"

இப்போது ஒடிந்தது என்று சொன்னால், கேட்டதற்கு ஏற்ப மாற்றிப் பேசுகிறோம் என்பார். சொல்லாவிட்டால் மாடு இல்லை. வாசலுக்கு வெளியே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க மொதலாளி."

வாங்கிய தண்ணீரை ஞானமுத்து குடிக்கவில்லை. வாளின்மேல் ஊற்றி, ஜிகினாவை நகத்தால் உரித்தார்.

"ஒடிஞ்ச சாமானக் குடுத்து மாடு கேக்க வெக்கமா இருந்துச்சு. நாந்தான் ஒட்டுனேன்."

இரும்புப் பட்டை தெரிந்தது. வியாபாரி பிடியிலிருந்து தம் கையால் அளந்தார். சரியாக ஒரு சாண். குறடு வாங்கி அவரே ஆணிகளைப் பிடுங்கினார். வாள் இரண்டாக வந்தது. பிடியுள்ள பாதியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இதத்தான் அவுக கையில பாத்தேன். இது போதும். அந்தப் பாதிய நீங்களே கொண்டு போங்க. மாட்டப் பாத்துப் புடிச்சுக்கங்க."

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய சாமானைச் சீர் பண்ணாதீர்கள், இருக்கிறபடியே கொண்டுபோங்கள். மாடு கிடைத்தால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். பதினாறு மைலும் நடைதான், வழியில் ஓரிடத்தில் தண்ணீர் காட்டுங்கள். எங்களுக்குத் தார்க்குச்சி கிடைக்கவில்லை. வாளின் நுனிப்பாதியால் தட்டித் தட்டித்தான் ஞானமுத்து மாட்டை ஓட்டிவந்தார்.

"நடலே, ராசா வாளால அடி வாங்குற மாடு நீ!"

ஊர் எல்லையில் மழை பிடித்துக்கொண்டது.