ஷிங்கி மீன் வாங்கிய மாதங்கள்

பவானிபூரில் ஒரு தமிழ் மெஸ்ஸில் மாவரைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு மாரடைப்பு வந்தது. கிரைண்டர் மேடையில் முகம் மோத விழுந்ததில் மேல் வரிசை முன்பற்களில் மூன்று போயின. ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை. அதில் ஒன்றை நிறுத்தும்வரை பல் கட்டுவதைப் பற்றி நினைக்காதே என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆறாவதோடு பள்ளியை விட்டு, விஜயவாடா, கட்டாக், கரக்பூர் என்று கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டு இங்கே வந்தவன் நான். பெங்காலி சரளமாகப் பேசுவேன். ஆனாலும் வாயைத் திறந்ததுமே வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும். பெங்காலிக்காரர்கள் ‘ஷ’ சொல்லுமிடத்தில் எனக்கு ‘ஸ’தான் வரும்.

பல் போனதும் என் ‘ஸ’ எல்லாம் தானாக ‘ஷ’ ஆகிவிட்டது. “ஷாம்பாரா, சாம்பாரா? எதை ஊத்தட்டும்?” என்று மெஸ் அக்கா கேலி செய்வார்.

டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில்தான் என் அறை. அங்கே சந்தையில் ஷிங்கி மீன் கேட்டேன். நோயாளிகளுக்குக் கொடுக்கும் மீன். குழைய வேகவைத்தால் ஈறாலேயே மென்றுவிடலாம். மீன்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

“தாதாவுக்கு எந்த ஊரு? பர்தமானா?”

தாதா என்றால் பெங்காலியில் அண்ணன்; பர்தமான் நான் போயே இராத வங்காளத்து ஊர். “ஆமாம்,” என்றேன்.

“அதானே! நம்ம ஊரு ஆளு. உடம்பைப் பாரு, குச்சி மாதிரி. வீட்ல யாரும் சமைச்சுப் போடறதில்லையா?”

அன்றிலிருந்து என்னை வைது வைதுதான் மீன் கொடுப்பாள். எந்த ஊரிலும் யாரும் என்னை அப்படி உரிமையோடு திட்டியதில்லை. வாரம் முழுவதும் அந்தத் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

மாதங்கள் கழித்து ஒரு மாத்திரை நின்றது. பல் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார்.

“பல் வந்துட்டா பேச்சும் பழையபடி ஆயிடும், கவலைப்படாதீங்க.”

“கட்டாமலே விட்டுட்டா?”

“எலும்பு கரைஞ்சுடும். அப்புறம் நீங்களே வந்து கேட்டாலும் பல்லைத் தாங்குற திருகாணி எலும்புல பிடிக்காது.”

இரண்டு நாள் யோசித்தேன். கஞ்சியும் குழம்பும் சலித்திருந்தன; கிரைண்டர் கல்லைத் தூக்க உடம்பில் தெம்பில்லை. டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். மிச்சமிருந்த மாத்திரையால் ரத்தம் லேசில் நிற்கவில்லை; வெகுநேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தேன். தாடையில் திருகாணி இறுகும்வரை இன்னும் சில மாதங்கள். பிறகு மேலே பல் ஏறியது.

சந்தைக்குப் போனேன். வழியெல்லாம் ‘ஷிங்கி’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. “ஸிங்கி,” என்றுதான் வந்தது.

கத்தியை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள்.

“பல்லு அழகா இருக்கு,” என்றாள். எவ்வளவு தரட்டும் என்ற கேள்வி பெங்காலியில் வராமல் இந்தியில் வந்தது: “கித்னா தூன், அண்ணா?”

அரைக் கிலோ என்றேன். சரியாக நிறுத்துக் கொடுத்தாள். திட்டவில்லை.