பித்தளை டோக்கன் 212

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பொய் பேசிப் பழக்கமில்லை. எழுபத்தொன்பது வயதில் நான் அதைத் தொடங்கப் போவதுமில்லை. கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை மட்டுமே எழுதுகிறேன்.

விமானத் தொழிற்சாலையையும் அதன் அருங்காட்சியகத்தையும் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று என் தம்பி மகள் சீட்டு வாங்கி வந்தாள். தம்பி அங்கே ஃபிட்டராக இருந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி விமானம் விழுந்து இருவர் இறந்தார்கள். விமானத்தை ஏற்றி இறக்கும் விமானியின் ஸ்டிக்குக்கு அடியில் ஒரு ஸ்பேனர் சிக்கியிருந்தது. பழி தம்பி மேல் விழுந்தது. வேலை போனது. "நான் எடுக்கலண்ணா" என்று சொல்லிச் சொல்லியே மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தான். அந்தப் பேச்சு எங்கள் வீட்டைவிட்டு இன்றுவரை போகவில்லை.

காலை 11.10. வழிகாட்டியைப் பார்த்ததும் என் முதுகு நிமிர்ந்தது. தம்பியின் பழைய சூப்பர்வைசர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

சுவரில் கருவிப் பலகை. ஒவ்வொரு கருவிக்குப் பின்னாலும் அதே வடிவில் கறுப்பு நிழல் தீட்டியிருந்தது. கருவியை எடுப்பவர், தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை அந்த இடத்தில் மாட்ட வேண்டும்.

"ஒரு மகராசன் ஸ்பேனரை விமானத்துக்குள்ளயே விட்டுட்டுப் போயிட்டான். 212-ன்னு அவன் டோக்கன்தான் தொங்குச்சு. மூக்குல கண்ணாடிய மாட்டிக்கிட்டே அதைத் தேடுற ஆளு!" என்றார்.

கூட்டம் சிரித்தது. தம்பி மகள் என் கையை இறுக்கினாள்.

டிங்...

காலியாக இருந்த ஸ்பேனர் நிழலில் ஒரு டோக்கன் ஆடிக்கொண்டிருந்தது. 212.

"யாருங்க இது, விளையாடுறது?" கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பத்தடி நடந்தோம்.

டிங்...

மறுபடி அங்கேயே தொங்கியது. பையைத் தடவிப் பார்த்தார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

11.32. விழுந்த விமானத்தின் அதே ரகத்தில் ஒன்று அங்கே நின்றது. விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியை வெளியிலிருந்து திறக்கும் சிவப்புக் கைப்பிடியைக் காட்டிவிட்டு, மைக்கோடு ஏறி உட்கார்ந்தார். ஸ்டிக்கை இழுத்தார். நகரவில்லை.

மூடி தானாகச் சாத்திக்கொண்டது.

டிங்... டிங்... இப்போது உள்ளிருந்து.

அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். ஒலிபெருக்கி அலறியது.

"விடுடா... ஸ்பேனரை எடுத்தது நான்தான்... உன் பையிலேர்ந்து டோக்கனை உருவி மாட்டினதும் நான்தான்..."

"பெரியப்பா, கைப்பிடி! உங்க பக்கம்தான் இருக்கு!"

"பொறும்மா. சொல்லி முடிக்கட்டும்."

கண்ணாடியை உள்ளிருந்து இரண்டு கைகள் தட்டின.

பிறகு... நான்கு.

11.36. சத்தம் நின்றது.

அப்புறம்தான் இழுத்தேன்.

உயிர் இல்லை.

மாரடைப்பு என்றார் மருத்துவர். மறுநாள் மேலாளர் எங்களை அழைத்தார். பழைய அறிக்கையிலிருந்து தம்பி பெயரை நீக்குவதாகச் சொன்னார். பிறகு, செத்தவரின் மூடிய கைக்குள் இருந்ததை மேசையில் வைத்தார்.

"இது உங்க தம்பியோடதுதானா, பாருங்க."

டோக்கன் 212. அவனுடையதுதான். உடைந்த துளையில் நான் முறுக்கிக் கொடுத்த செப்புக்கம்பி அப்படியே இருந்தது. தம்பியை அடக்கம் செய்த அன்று, அதை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கியவன் நான்.

கம்பியின் முறுக்கில் மண் ஒட்டியிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை.