பச்சைப் பேடு, சிவப்புப் பேடு

படகுக்கு மெஷினில் பாலிஷ் போடும்போது அதன் முனையில் ஒரு ஸ்பாஞ்சு வட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். பட்டறையில் அதற்குப் பேடு என்று பெயர். எங்கள் பட்டறையில் மூன்று வகை இருந்தது. பச்சை முரடு, கீறலை அறுத்து எடுக்கும். வெள்ளை நடுத்தரம். சிவப்பு மெது, கடைசியில் பளபளப்பு ஏற்ற மட்டும். இது எனக்கு ஒன்பது வயதில் தெரியும். இப்போது எனக்கு நாற்பத்திரண்டு. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த மூன்று பேடுகளைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. ஊறப்போட்ட இட்லி அரிசியை மறந்து, அது புளித்து நாறிய பிறகுதான் எடுத்துக் கொட்டினேன்.

பட்டறை மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பேட்டை என்ற ஊரில், தொழிற்பேட்டைக்குள் தகரக் கொட்டகை. முதலில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி செய்தார்கள், பிறகு குளியலறைக் கதவு, அதன் பிறகு ஃபைபர் படகு. கடல் இல்லாத ஊரில் படகு செய்கிறீர்களே என்று யாராவது கேட்டால் மாமா, "கடக்கரை உப்புக்காத்துல ரெசின் சரியா காயாது வே. சட்டிய எங்க செஞ்சா என்ன, சோறு அடுப்புலதான வேகுது" என்பார். தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடியது. எங்கள் படகு ஒன்றுகூட அதில் நனைந்ததில்லை. எல்லாம் லாரியில் ஏறி நேரே கடலுக்குப் போயின.

அப்பா அங்கே மெஷின் பிடித்தார். அச்சு பழையதாகிவிட்டதால் படகு அச்சிலிருந்து மங்கலாகத்தான் வெளியே வரும். மேல் பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர், படகின் நிறமும் மினுக்கமும் அதில்தான். அதைத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசையைத் தடவி, மெஷினால் கண்ணாடிபோல ஆக்குவது அப்பாவின் வேலை. மைத்துனன் பட்டறையில் கைகட்டி நிற்பது அப்பாவுக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று தெருவுக்கே தெரியும்.

காரணம் ரயில்வே. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவுக்கு ரயில் இன்ஜினில் வேலை கிடைத்து, சென்னை வரை போய்த் திரும்பி வந்துவிட்டாராம். கேட்டால், அந்தத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பார். அம்மா விடமாட்டாள். "ஊரு ஒலகமெல்லாம் குடிக்குத தண்ணி இவருக்கு மட்டும் ஒத்துக்கலையாம். தாமிரபரணிய நாலு கேன்ல புடிச்சுட்டுப் போயிருக்கலாம்லா." அப்பா சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

அதுவரை பட்டறையில் எல்லா வேலைக்கும் ஒரே கம்பளி வட்டுதான். என் ஒன்பதாம் வயதுக் கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால் கொச்சியிலிருந்து ஒரு விற்பனையாள் வந்து இந்த மூன்று நிறப் பேடுகளையும் காட்டினார். மாமாவுக்கு உடனே பிடித்துவிட்டது. கம்பளி விடுகிற சுழிக்கோடுகள் இதில் விழாது, கருநீலப் படகுக்கு இதுதான் சரி என்றார் விற்பனையாள். அப்பா ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இது முரடு, இது மெது என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "அத்தான் வெரலு வெரலுதான்" என்றார் மாமா. எங்களுக்கு அதில் வியப்பில்லை. தக்காளிக் கடையிலும் அப்பா அப்படித்தான். ஒவ்வொரு தக்காளியாக அழுத்துவார். கடைக்கார அண்ணாச்சி, "பழத்தப் பாத்து எடும் வே, நாடி புடிச்சு எடுக்காதயும்" என்று கத்துவார்.

புதுப் பேடு வரைக்கும் விரல் போதும். நாலு நாள் ஓடிய பிறகு, காம்பவுண்டும் தண்ணீரும் ஏறி, கழுவிக் கொடியில் காயப்போட்ட பேடுகளில் பச்சையும் சிவப்பும் ஒன்றுபோலத் தொளதொளத்தன. நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். விடுமுறையில் நான் மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்விட்டு, சாயங்காலம் அப்பாவோடு சைக்கிளில் திரும்புவேன். அப்போதுதான் அந்தப் பரீட்சை ஆரம்பித்தது.

"ஏட்டி, இதுல பச்சை எது, செவப்பு எது, சொல்லு பாப்பம்."

முதல் நாள் சந்தோஷமாகச் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன். ஒரு வாரம் போனதும் எனக்கு ரோஷம் வந்தது. நான் நாலாம் வகுப்பில் முதல் ரேங்க். பதினாறாம் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். என்னிடம் போய்ப் பால்வாடிப் பிள்ளையிடம் கேட்பதைத் தினம் மூன்று தடவை கேட்கிறாரே என்று இருந்தது. "ஒங்களுக்கே தெரியுமேப்பா" என்று ஒருநாள் சொன்னேன். "ஒனக்குத் தெரியுதான்னு பாக்கேன்" என்றார்.

அந்தச் சமயத்தில் கொட்டகையில் ஒரு கருநீலப் படகு நின்றது. கடற்கரைக்காரர் ஒருவருடையது. அவர் ஊர் மாதா கோயில் திருநாளில் சாமியார் வந்து புதுப் படகை மந்திரிப்பார். அதற்கு முந்தின நாள் படகு போய்ச் சேர வேண்டும். "மாமா, நான் முன்னால நின்னு மீசைய முறுக்கினா அதுல தெரியணும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு இன்னும் இரண்டு படகு வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் இன்னொரு கொட்டகை போட மாமா இடம் பார்த்திருந்தார். இந்தப் படகு நல்லபடியாகப் போய்விட்டால் பேட்டைப் பட்டறைக்கு அப்பாதான் மேஸ்திரி. மாமா அம்மாவிடம் நேரில் வந்து சொல்லியிருந்தார். பத்து நாளாக எங்கள் வீட்டில் யாரும் ரயில்வேயைப் பற்றிப் பேசவில்லை.

வியாழக்கிழமை மதியம். படகின் முக்கால்வாசி முடிந்திருந்தது. மூக்குப் பக்கம் மட்டும் கடைசிக் கை பாக்கி. அதற்குச் சிவப்புப் பேடு. அப்பா கொடியிலிருந்து இரண்டு பேடுகளை உருவிக்கொண்டு வந்து, மெஷினை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, செவப்பு எது?"

தப்பாகச் சொன்னால் என்ன செய்வார் பார்ப்போம் என்று தோன்றியது. அவர் தலையில் குட்டுவார், நான் சிரிப்பேன், இனி கேட்கமாட்டார். அவ்வளவுதான் என் திட்டம். பச்சையைத் தொட்டேன்.

"இது."

அப்பா அதை வாங்கி மெஷினில் ஒட்டினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். இப்போது கண்டுபிடிப்பார் என்று நினைத்தேன். மெஷின் ஓட ஆரம்பித்தது. விளையாட்டை அவரும் விளையாடுகிறார், கடைசி நிமிஷத்தில் நிறுத்துவார் என்று நினைத்தேன். மெதுப் பேடு என்றால் கொஞ்சம் அழுத்தி, ஒரே இடத்தில் நின்று ஓட்ட வேண்டும். அப்பா அழுத்தினார். படகின் மூக்கு விளிம்பில் ஜெல்கோட் எப்போதும் மெலிசாகத்தான் இருக்கும். ஒரு கருகல் வாடை வந்தது. அவர் மெஷினைத் தூக்கியபோது, நீலத்துக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஃபைபர் மஞ்சளாகத் தெரிந்தது.

வாடைக்கு மாமா ஓடி வந்தார். படகைப் பார்த்தார். மெஷினைத் திருப்பிப் பேடைப் பார்த்தார். வழக்கமாக அப்பாவிடம் 'நீங்க' என்பவருக்கு அன்று 'நீரு' வந்துவிட்டது.

"இது பச்சையில்லா! கடைசிக் கைக்குப் பச்சையப் போட்டா தேச்சீரு? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு ஒமக்கு?"

அப்பா அந்தப் பேடைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அது கோபமான பார்வை அல்ல. என்னிடம் என்னவோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டதுபோல இருந்தது. நான் சாப்பாட்டுத் தூக்குவாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கைத்தவறுதான் மாப்ள. பாக்காம எடுத்துட்டேன்."

"பாக்காம என்னத்த எடுத்தீரு? நாளைக்கு அவரு வருதாரு. நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க?"

அப்பா மெஷினின் ஒயரைச் சுற்றி வைத்தார். புள்ளைதான் எடுத்துக் கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமாவின் கோபம் பாதி இறங்கியிருக்கும். சொல்லவில்லை. சைக்கிளில் திரும்பும்போதும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். கேட்காததால் நானும் சொல்லவில்லை.

மாமா நீலத்தைக் கலந்து ஒட்டுப்போட்டார். ஆனாலும் வெயிலில் அந்த இடம் தனியாகத் தெரிந்தது. மறுநாள் வந்த கடற்கரைக்காரர் அதன் எதிரே போய் நின்று மீசையைத் தடவினார். "பாதி மீசையக் காங்கலையே மாமா" என்றார். பிறகு, "சரி, மந்திரிக்கும்போது மாலைய அங்கன தொங்கவிட்டு மறைச்சிக்கிடுதேன். மத்த ரெண்டையும் நான் வேற எடத்துல பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று மாமா அம்மாவிடம் சொன்னாராம்.

மேஸ்திரியாக நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஜெல்கோட்டுக்கு நிறம் கலப்பதையும் அவரே பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டில் மறுபடி ரயில்வே பேச்சு தொடங்கியது. அப்பா அந்தப் பட்டறையிலேயே கடைசி வரைக்கும் மெஷின் பிடித்தார். அவர் போய் நாலு வருஷமாகிறது. அன்று அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் தப்பையும் சொல்ல வேண்டுமே. எனக்குக் கல்யாணம் ஆகி, பையன் பிறந்து, அவன் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்து நான் கையை ஓங்கும்போதெல்லாம் அந்தத் தூக்குவாளி ஞாபகத்துக்கு வரும். பாதியில் கையை இறக்கிவிடுவேன். எப்போதும் இல்லை. சில சமயம்.

இனி செவ்வாய்க்கிழமை. என் மகன் டிப்ளமோ முடித்தவன். ரயில் இன்ஜின் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினான். அம்மா வண்ணார்பேட்டையில் இனிப்பு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். மருத்துவச் சோதனைக்குப் போனவன் முகம் செத்துத் திரும்பி வந்தான். புள்ளி புள்ளியாக இருந்த ஒரு புத்தகத்தைக் காட்டி அதிலுள்ள எண்ணைப் படிக்கச் சொன்னார்களாம். மற்றவர்கள் படித்தார்கள். இவனுக்குப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. தப்பாகப் பார்த்திருப்பார்கள் என்று செவ்வாய்க்கிழமை இங்கே வேறொரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் அதே புத்தகத்தைத்தான் எடுத்தார்.

"இவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியலம்மா. சிக்னல் பாக்குற வேலைக்கு எடுக்கமாட்டாங்க. பிறவியிலயே உள்ளது. பையன்களுக்கு இது அம்மா வழியாத்தான் வரும். உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?"

"இல்ல டாக்டர்" என்றேன், உடனே. "எங்கப்பா படகுக்குப் பாலிஷ் போட்டவரு."

பேருந்தில் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். சந்திப்புப் பாலம் தாண்டும்போதுதான், வெள்ளை எது என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து நின்றுவிட்டேன். நடத்துநர், "எறக்கம் இன்னும் வரலக்கா, உக்காருங்க" என்றார்.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமாலே?" என்று மகனிடம் கேட்டேன்.

"ஆறாங் கிளாஸ்லயே தெரியும்மா."

"ஏன்லே சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவ."

சின்ன வயதில் அவன் கிரேயான் குச்சிகளின் மேல் சுற்றிய காகிதத்தைக் கிழிக்கவிடமாட்டான். காகிதத்தில் நிறத்தின் பெயர் அச்சடித்திருக்கும். அழுக்காக இருக்கிறதே என்று நான் எல்லாவற்றையும் உரித்துப்போட்டு, மறுநாள் இலைக்குப் பழுப்பு அடித்ததற்காக அவன் கையில் ஸ்கேலால் அடித்தேன். அன்று என் கை பாதியில் இறங்கவில்லை.

அப்பா சென்னையிலிருந்து திரும்பி வந்தது தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் அல்ல என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. மேஸ்திரி வேலை கைவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தமா, நிறம் கலக்கும் பொறுப்பு வராமல் போனதில் நிம்மதியா, அதுவும் தெரியவில்லை. புள்ளை எடுத்துக் கொடுத்தாள் என்று சொல்லியிருந்தால், உமக்குக் கண் இல்லையா என்பதுதான் மாமாவின் அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். அந்த மௌனத்தில் எனக்காக எவ்வளவு, அவருக்காக எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறேன். பிரியவில்லை.

படகு போன மறுநாள் சனிக்கிழமை. நான் சாப்பாடு கொண்டு போனபோது அப்பா கொட்டகை வாசலில் குந்தியிருந்தார். பிரிக்காத புதுப் பேடுகளைத் தரையில் பரப்பி, பிளேடால் ஒவ்வொன்றின் விளிம்பிலும் பைய வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு. ஒவ்வொன்றையும் உறையிலிருந்து உருவி, உறைமேல் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். வெட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டார்.

"எதுக்குப்பா வெட்டுதீங்க? நான் சொல்லுவேம்லா?"

"நீ பள்ளிக்கூடம் போயிருவ" என்றார், நிமிராமல். "அப்ப நான் யாருகிட்ட கேக்க?"

அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்மேல் நம்பிக்கை போய்விட்டது, அதை நேரே சொல்லாமல் இப்படிச் சொல்கிறார் என்றும் நினைத்தேன். நம்பிக்கையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். ஒரு வெட்டு பச்சை. இரண்டு வெட்டு வெள்ளை. மூன்று வெட்டு சிவப்பு. விடுமுறை முடியும் வரை தினமும் சாப்பாட்டை வைத்துவிட்டு, அவர் கேட்பதற்காகக் கொடியருகே தயாராக நின்றேன். அவர் வெட்டுகளைத் தடவி எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை.