கடலுக்குள் ஒரு கோடு

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பது. பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலக வராந்தா. முதலில் கண்ணில் பட்டது ஒரு செல்போன் திரை. முழுக்க நீலம்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண் இரண்டு விரலால் அந்த நீலத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் நீலம்தான்.

"என்னம்மா தேடுறீங்க?"

"கோட்டைத் தேடுதேன் சார். இந்தக் கடலுக்குள்ள ஒரு கோடு இருக்காம். அதைத் தாண்டிட்டாவன்னுதான் எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சு வச்சிருக்கு. ஒண்ணையும் காங்கலையே!"

நான் போயிருந்தது வேறு வேலைக்கு. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரை அரை அடி என் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டார். சர்வேயர் வந்து அளக்க வேண்டும் என்று ஒரு மனு. அந்தப் பெண் பேசப் பேச, மனுவை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பெயர் ஜெனிட்டா. ராதாபுரம் தாலுகாவில் ஒரு கடற்கரை ஊர். கணவர் மிக்கேல் வளைகுடாவில் ஓர் அரபு முதலாளியின் விசைப்படகை ஓட்டி மீன் பிடித்தவர். இப்போது எதிர்க்கரை நாட்டுச் சிறையில் இருக்கிறார். இரண்டு நாடுகளின் பெயரையும் நான் எழுதவில்லை. கேஸ் நடக்கிறது, வேண்டாம் அண்ணாச்சி என்று கேட்டுக்கொண்டார் மிக்கேலின் அண்ணன் சூசை. அவர்தான் துணைக்கு வந்திருந்தார். அவரும் முன்பு அதே முதலாளியிடம் வேலை பார்த்தவர்.

எப்படித் தாண்டினார் மிக்கேல்?

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுக்கடலில் நிற்கும் இடத்தைக் கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். சூசை கையை நீட்டி, வராந்தாத் தூண்களை வைத்தே விளக்கினார்.

"எங்க கோயில் கோபுரமும் மகேந்திரகிரி உச்சியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரணும் அண்ணாச்சி. இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா, கடைசிக் காத்தாலை பனங்காட்டோட ஒட்டணும். ரெண்டும் சேந்துச்சுன்னா கீழ பாறை. பாறைல மீனு."

ஜி.பி.எஸ். வந்த பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. மெஷினையும் பார்ப்பார்கள். ஆனால் கண் சொன்னால்தான் மனம் ஒப்பும்.

வளைகுடாவில் மலைக்கு எங்கே போவது? கரை முழுக்க மணல். அதனால் மிக்கேல் இரண்டு ரிக் விளக்குகளைப் பிடித்துக்கொண்டார். ரிக் என்றால், கடலுக்குள் கால் ஊன்றி நின்று எண்ணெய்க் கிணறு தோண்டும் இரும்பு மேடை. இரண்டு விளக்கும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு அப்பால் அடுத்த நாடு. இதுதான் அவர் கணக்கு. வளைகுடாவுக்குப் போன நாளிலிருந்து அந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

ஒருமுறை படகு இன்ஜின் ரிப்பேருக்காகத் துறைமுகத்தில் நின்றது. அந்த நேரத்தில் ஒரு ரிக், வேலை முடிந்து காலைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டது. இழுவைப் படகு வைத்து இழுத்துக்கொண்டு போவார்களாம். மிக்கேல் மறுபடி கடலுக்குப் போன அன்று மாலை, இரண்டு விளக்கும் ஒரே கோட்டில் வரட்டும் என்று பார்த்துக்கொண்டே போனார். வந்தன... அடுத்த நாட்டுக் கடலுக்குள்.

"மலை நகருமா அண்ணாச்சி? கோயில் நகருமா? அடையாளம்னா நகராததுதானே? அது எடம் மாறும்னு பயலுக்குத் தோணவே இல்ல."

"ஜி.பி.எஸ். இல்லையா?"

"கெட்டுப் போச்சு. மாத்தித் தாரேன், மாத்தித் தாரேன்னு அரபி சொல்லிக்கிட்டே இருந்தான். 'ஒனக்குத்தான் கண்ணு இருக்கே'ன்னு கேலி வேற."

உள்ளே கூப்பிட்டார்கள். ஜெனிட்டா என்னையும் வரச் சொன்னார். மேஜைக்குப் பின்னால் இளம் பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார்.

"விசா கொடுத்த நாட்டுல விசாரிச்சோம்மா. உங்க கணவர் படகோட ஓடிப்போயிட்டதா முதலாளி புகார் கொடுத்திருக்கார்."

ஜெனிட்டா சிரித்துவிட்டார். சிரிப்பா அது?

"ஓடிப்போறவரு வலையும் ஐஸ் பெட்டியும் தூக்கிட்டாம்மா ஓடுவாவ?"

அதிகாரி தலை குனிந்துகொண்டார். "பிடிச்ச நாட்டுல, இவர் மீன்பிடிக்கத்தான் வந்தார்னு முதலாளி வாயால வரணும்ங்கிறாங்க. இல்லேன்னா வேற ஏதோ காரணத்துக்கு எல்லை தாண்டினதா எடுத்துப்பாங்க. அந்தப் புகார் இருக்கிற வரைக்கும்... நாங்க எழுதிட்டுத்தான் இருக்கோம்மா."

முதலாளி ஏன் அப்படிப் புகார் கொடுக்க வேண்டும்? வெளியே வந்ததும் சூசையிடம் கேட்டேன்.

"படகு வேணும்ல? அவன்தான் போகச் சொன்னான்னு ஆயிட்டா படகையும் பறிமுதல் பண்ணிருவானுவ. கேக்காம கொண்டு போயிட்டான்னா படகை விட்டுருவானுவ. விட்டுட்டானுவ."

அதாவது, எல்லை தாண்டிய படகு வீடு திரும்பிவிட்டது. எல்லை தாண்டிய ஆள் உள்ளே இருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை வாசகரிடம் மறைக்கப் போவதில்லை.

நிலத்தில் எல்லை என்றால் ஒரு கல்லாவது நடுகிறார்கள். வேலி போடுகிறார்கள். தென்காசியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது ரோட்டோரம் ஒரு போர்டு வைத்தார்கள். பஸ் அதைத் தாண்டும்போது தூங்குகிறவர்கூட விழிப்பதில்லை. கடலில்? கல் இல்லை, போர்டு இல்லை. துப்பாக்கியோடு ஒருவன் வந்து சொன்னால்தான் தாண்டியதே தெரியும்.

சரி, அந்தக் கோட்டை எதற்குப் போட்டார்கள்? மீனுக்காகவா? அடியில் கிடக்கும் எண்ணெயில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும்போது போட்டது. எண்ணெய்க்குப் போட்ட கோடு, மீன் பிடிக்கிறவனைப் பிடிக்கிறது. எண்ணெய் தோண்டும் மேடை நகரலாம். நகர்கிறது என்று கப்பல்களுக்கெல்லாம் முன்கூட்டியே அறிவிப்பு போகும். கெட்டுப்போன ஜி.பி.எஸ்ஸோடு கிடக்கும் படகுக்கு யார் அறிவிப்பு அனுப்பினார்கள்?

உலகப் படத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். அவ்வளவு நிறங்களில் ஒன்றாவது மிக்கேலை 'இவன் என் ஆள்' என்று சொல்லியிருக்கிறதா? வேலை வாங்கிய நாட்டுக்கு ஓடிப்போனவன். பிடித்த நாட்டுக்கு ஊடுருவியவன். சொந்த நாட்டுக்கு... எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சாலையோரக் கடையில் டீ வாங்கினோம். சூசையின் போன் அடித்தது. வளைகுடாவிலிருந்து முதலாளியின் கணக்குப்பிள்ளை. நம் பக்கத்து ஆள்தான். சத்தம் கேட்கவில்லை என்று சூசை ஸ்பீக்கரில் போட்டார்.

"சூசை, மொதலாளி எறங்கி வந்துட்டாரு வே. தம்பி மேல உள்ள புகாரை வாபஸ் வாங்குதேங்காரு. மீன்பிடிக்கத்தான் போனான்னு சொல்லவும் சம்மதம்."

ஜெனிட்டா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆனா படகு சும்மா நிக்கி. ஓட்ட ஆளு இல்ல. நீரு பொறப்பட்டு வாரும். நீரு இங்கன வந்து எறங்குன அன்னைக்கே வாபஸ்."

ஜெனிட்டாதான் முந்திக்கொண்டார்.

"வேண்டாம் அத்தான். ஒருத்தரு உள்ள கிடக்கது போதும். மதினிக்கு நான் என்ன பதிலு சொல்லுவேன்?"

"ஏ பிள்ள, பைய இரி." சூசை போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஜி.பி.எஸ். மாத்தியாச்சா வே?"

"அதெல்லாம் வந்து பாத்துக்கிடலாம் வே. கண்ணு இருக்குல்ல ஒமக்கு?"

போன வெள்ளிக்கிழமை சூசைக்கு விசா வந்தது.