நோ ப்ராப்ளம் போதாது

அமெரிக்காவின் பார்சிப்பனியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சௌந்தரம் அக்காவுக்கு யார் மீதும் கோபம் நிற்காது. யார் என்ன செய்தாலும் "நோ ப்ராப்ளம்" என்று சிரித்துவிடுவார்.

மாடி வீட்டு மிரியம் ஆன்ட்டியிடம் மட்டும் அந்தச் சொல் செல்லவில்லை. அக்கா கருவாடு வறுத்த நாற்றம் தாங்காமல், ஆன்ட்டி குடியிருப்பு அலுவலகத்தில் கடுமையாகப் புகார் செய்திருந்தார். அன்று மாலை யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு தொடங்கவிருந்தது. யாரையாவது நோகடித்திருந்தால், பொழுது சாய்வதற்குள் அவர்களிடமே மன்னிப்புப் பெற வேண்டுமாம். நோன்புக்கான வெள்ளை உடையும் துணிச் செருப்புமாக ஆன்ட்டி அக்காவின் வாசலில் வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன்.

"நோ ப்ராப்ளம் ஆன்ட்டி!" என்றார் அக்கா.

"அது போதாது. மன்னித்தேன் என்று சொல்," என்றார் ஆன்ட்டி ஆங்கிலத்தில்.

அக்கா என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். "என்னடி இது! அவங்களுக்கு எங்கம்மா வயசு. மன்னிச்சேன்னு சொல்ல நான் என்ன மகாராணியா?"

"சன்செட் ஆகப்போகுதுக்கா," என்றேன். ஆன்ட்டி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சற்று யோசித்தார். பிறகு ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு தன் ஆங்கிலத்தில், "ஜன்னலைத் திறந்து வச்சு வறுத்தது என் தப்பு. முதல்ல நீங்க என்னை மன்னிங்க," என்றார்.

ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். "மன்னித்தேன்!"

"அப்ப நானும் மன்னிச்சேன். சரிக்குச் சரி!"

ஆன்ட்டி நிம்மதியாகத் தன் கோயிலுக்குக் கிளம்பினார். கதவைச் சாத்தியதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சுடி, மன்னிப்பு கேட்டுட்டேனே! இனிமே ஜன்னலைச் சாத்திட்டுத்தானே வறுக்கணும்?"